நலம் விசாரிக்கப்பட்ட நாற்றுகள்

மின்வாரியத்தில் கம்பிகளை இழுத்து அறுப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வாங்கிய கம்பி, விற்றவர் சொன்ன சுமையைத் தாங்குமா என்று பார்ப்பது எங்கள் சோதனைக்கூடத்தின் வேலை. தாங்கினாலும் விட மாட்டோம். அறுகிற வரைக்கும் இழுப்போம். அறுந்த பிறகுதான் அது நல்ல கம்பி என்று சான்றிதழ் எழுத முடியும். மூணாறு மலைப் பக்கம் சித்திரபுரத்தில் தொடங்கிய இந்த உத்தியோகம் பாலக்காட்டில் முடிந்தது. ஓய்வு பெற்றுக் கல்பாத்தி வீட்டில் உட்கார்ந்தபோது, இழுத்துப் பார்க்கக் கணவர் ஒருவர்தான் மிச்சமிருந்தார். அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு இழுத்தாலும் நீள்வாரே தவிர அறுவதில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மார்கழியில்தான் கணவரின் தம்பி மகள் இரண்டு தட்டுத் தக்காளி நாற்றுகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாளையாருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். எங்களோடு தங்கித் தினமும் போய் வருகிறாள். கல்லூரியில், செடிகளை ஒரே வெப்பத்திலும் ஒரே வெளிச்சத்திலும் வளர்ப்பதற்கென்று ஒரு பெட்டியறை உண்டு. அதன் கம்ப்ரஸர் போய்விட்டது. பழுதுபார்க்க மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது விதி. அந்த யந்திரத்தைத் தொடத் தெரிந்தவரோ ஒருவர்தான். அவர் மூன்று பேராக ஆகும்வரை கோப்பு நகராது. விதியில் தவறில்லை, அதன்படி நானே எத்தனையோ யந்திரங்களைத் துருப்பிடிக்க விட்டிருக்கிறேன்.

"பின்கட்டு அறையைத் தருவியா பெரியம்மா? லைட்டெல்லாம் வாங்கிண்டு வந்துட்டேன்."

"கேக்கறதுக்கு முன்னாடியே வாங்கிட்டியா?"

"நீ வேண்டாம்னா மொட்டை மாடியில வெச்சுப்பேன். இந்தக் காத்துல தட்டு பறந்து ஒலவக்கோடு ஸ்டேஷன்ல போய் விழும். அங்கேர்ந்து எடுத்துண்டு வரேன்."

அறையைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியாத நிலைமை. மார்ச் மாதத்தோடு அவளுடைய ஆய்வுக் காலம் முடிகிறது. ஒரு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இன்னொரு முறை கிடையாது. அதற்குள் கடைசி அத்தியாயத்துக்கான சோதனையை முடித்து, செமினாரில் குழுவினரை ஒப்புக்கொள்ள வைத்து, ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் பதிவு ரத்து. இத்தனை வருட வேலையும் அலமாரிக்குள் போய்விடும்.

அவள் என்னதான் ஆராய்கிறாள் என்று அன்று மத்தியானம் சாப்பாட்டில்தான் எங்களுக்கு விளங்கியது. கணவரின் தட்டில் வடுமாங்காய் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"செல்லுன்னா ஒரு சைக்கிள் டயர்னு வெச்சுக்கோ," என்றாள். "உள்ளே காத்துக்குப் பதிலா தண்ணி. சுத்தி ஒரு சுவர். கட்டை விரலால அமுத்தினா கல்லு மாதிரி இருக்கு. அது காத்து ஜாஸ்தியாலயா, ரப்பர் தடிமனாலயா, எப்படித் தெரியும்?"

"காத்தைப் பிடுங்கிட்டு அமுத்திப் பாக்கணும்," என்றேன்.

"அதேதான். பெரியப்பா தட்டுல இருக்கே, வடு, அதை உப்புல போட்டதும் சுருங்கித்தோல்லியோ? தண்ணி வெளியே போயிடறது. மிச்சம் சுவர்தான். என் செல்லையும் உப்புத் தண்ணியில விட்டு ஒரு தடவை அமுத்திப் பாப்பேன், நல்ல தண்ணியில ஒரு தடவை."

கணவர் வடுவை விரலால் அமுக்கிப் பார்த்தார். "இது உயிரோட இருக்கா, போயிடுத்தா?"

"ஊறுகாயில எல்லாம் போயாச்சு. என்னோடது போகாது. திரும்ப நல்ல தண்ணியில விட்டா பழையபடி ஊதிக்கும்."

"தேவலை," என்று சொல்லிவிட்டு வடுவைக் கடித்தார்.

அவள் அமுத்துவது கட்டை விரலால் அல்ல. கண்ணுக்குத் தெரியாத முனை கொண்ட ஓர் ஊசி; அது ஒரே ஒரு செல்லை மட்டும் தொட்டு, எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு குழி விழுகிறது என்று சொல்லும். நாற்றுக்கு அவள் கொடுப்பது சிலிக்கா. மணல்தான், ஆனால் தலைமுடியின் தடிமனை ஆயிரக்கணக்கில் கூறு போட்டால் வரும் அளவுக்குப் பொடித்த மணல். அதற்கு நானோ என்று பெயர். தண்ணீரில் கலந்து கொடுத்தால் செடி குடித்துவிடுகிறது. குடித்த மணல் செல்லின் சுவரில் போய் உட்கார்ந்து அதை விறைப்பாக்குகிறதா, இளக்குகிறதா, அல்லது ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்பது கேள்வி. விறைப்பாக்கினால், கதிர் முற்றிய நெல் காற்றில் சாயாமல் நிற்க ஒரு வழி கிடைக்கலாம். பாலக்காட்டுக் காற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

"ரெண்டு தட்டுக்கும் தெளிப்பியோ?" என்று கேட்டார் கணவர்.

"இல்லை பெரியப்பா. சிவப்பு டேப் ஒட்டின தட்டுக்கு மட்டும். மருந்து மாதிரின்னு வெச்சுக்கோங்கோ. மத்ததுக்கு வெறும் தண்ணி."

"ஓகோ," என்றார். இந்த ஓகோவைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.

அன்று மாலையே செயல்முறை ஒன்றை எழுதி அறைக் கதவில் ஒட்டினேன். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும், செயல்முறை இல்லாமல் ஒரு சோதனை என் வீட்டுக்குள் நடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தண்ணீர் ஊற்றுவது சிரிஞ்சால், அளவு பார்த்து. ஒரு தட்டுக்கே வெளிச்சம் கூடுதலாகப் போய்விடாதபடி தட்டுகள் அடிக்கடி இடம் மாற வேண்டும். கிழக்கு ஜன்னல் திறக்கக் கூடாது. சாம்பிராணிப் புகை கூடாது. பக்கத்து வீட்டுப் பூனை கூடாது. தம்பி மகள் படித்துவிட்டு, "பூனைக்குப் படிக்கத் தெரியுமா பெரியம்மா?" என்றாள். பூனைக்கு ஒரு பிரதி தரை மட்டத்தில் ஒட்டலாம் என்று கணவர் யோசனை சொன்னார்.

இந்த இடத்தில் அவருடைய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தெருவில், உறவில், பழைய வங்கிக் கிளைகளில் யாருக்காவது சுகக்கேடு என்று காதில் விழுந்தால் அவர் மறுநாளே போய் நிற்பார். எங்கள் தெருக்களில் எல்லோரும் செய்வதுதான். போகாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் மற்றவர்கள் ஒரு முறை போய்க் கடனை முடித்துக்கொள்வார்கள். இவர் ஆள் எழுந்து நடமாடும் வரை தினமும் போவார். ஆரோக்கியமாக இருக்கிறவனை வருடக்கணக்கில் எட்டிப் பார்க்க மாட்டார்; படுக்கையில் விழுந்தவனை விட மாட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நெற்றியைத் தடவி, "நேத்தைக்கு இன்னிக்குத் தேவலைதானே?" என்பார். தேவலை என்று சொல்லாமல் தப்பித்தவர்கள் குறைவு. சிலர் இவர் வரும் நேரம் பார்த்துக் குணமாகிவிடுவதும் உண்டு.

நாற்றுகள் வளர்ந்தன. தம்பி மகள் அவற்றைக் கல்லூரிக்கு எடுத்துப் போய், இளந்தண்டின் மேல்தோலை உரித்து, ஊசியின் கீழ் வைத்தாள். திரும்பி வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"பெரியம்மா, நானோ கொடுத்த செல் சுவரெல்லாம் அப்படியே விறைச்சிருக்கு. தண்ணியைப் பிடுங்கினாலும் விறைப்பு இருக்கு. எங்க மேடம் நாற்காலியிலேர்ந்து எழுந்து நின்னுட்டா. அவ யாருக்கும் எழுந்து நிக்கறவ இல்லை."

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியைதான் அந்த மேடம். அந்த அம்மாள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு மாடி மாடியாகப் போய்க் காட்டியிருக்கிறார். செமினாருக்குத் தேதி குறிக்கலாம் என்றுகூடச் சொல்லிவிட்டார். கணவர் அன்று பால்பாயசம் வைக்கச் சொன்னார். வைத்தேன். எனக்கு இறங்கவில்லை.

எங்கள் சோதனைக்கூடத்தில் எழுதாத விதி ஒன்று உண்டு. ஒரு மாதிரி தோற்றால் அதை நம்பலாம். ஆனால் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறிவிட்டால் முதலில் யந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும், பிறகு சோதித்தவரை, கடைசியில் சோதித்தவருக்கு யார் டீ வாங்கிக் கொடுத்தார்கள் என்பதை. பின்கட்டு அறைக்குப் போய், மீதியிருந்த நாற்றுகளைப் பார்த்தேன். சிவப்பு டேப் ஒட்டிய தட்டில் இருந்தவை மற்றவற்றைவிடக் குட்டையாக, தண்டு தடித்து, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வாத்தியார் போல நின்றன. மணல் குடித்ததால் சுவர் விறைக்கலாம். ஆள் குட்டையாவானேன்?

ஜன்னலைப் பார்த்தேன், தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. தண்ணீர் ஊற்றுவது நான்தான். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பூனை குற்றமற்றது. நான் காலையில் ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போகும் நேரம்தான் கணக்கில் வராத நேரம். வாரியத்தில் இதற்குத் திடீர் ஆய்வு என்று பெயர். மறுநாள் வழக்கம்போல் ஷூ மாட்டிக்கொண்டு புறப்பட்டேன், தெருமுனை வரை போனேன், திரும்பி வந்தேன்.

பின்கட்டு அறையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"என்ன, நேத்தைக்கு இன்னிக்குத் தேவலைதானே? மருந்துன்னா அப்படித்தான் இருக்கும், முதல்ல ஒரு அசதி. செரியாயிடும். நீ என்ன, தலையைத் தொங்கப் போட்டுண்டு? ம்? இங்க பாரு."

கதவைத் திறந்தேன். கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிவப்பு டேப் தட்டில் இருந்த நாற்றுகளின் மேல் உள்ளங்கையை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிக்கொண்டிருந்தார். நாற்றுகள் கை போன பக்கம் சாய்ந்து, கை போன பிறகு எழுந்து நின்றன. பக்கத்துத் தட்டை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"கேட்டேளா, என்ன பண்ணிண்டிருக்கேள்?"

"நீ நடக்கப் போகலையா?"

"இது எத்தனை நாளா?"

"கொழந்தை மருந்து கொடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து. தினம் ஒரு நடை வந்து பாத்துட்டுப் போறேன். இதுல என்னாக்கும் தப்பு?"

"அந்தத் தட்டைப் பாக்கலையே?"

"அதுகளுக்கு என்ன, நன்னாத்தானே இருக்கு. வெறும் தண்ணி குடிக்கறதுகள்."

கதவில் ஒட்டிய செயல்முறையைச் சுட்டிக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். வங்கியில் கடன் விண்ணப்பம் படித்த கண்கள். "தடவக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே," என்றார். எழுதவில்லைதான். பூனையை நினைத்த எனக்கு இவரை நினைக்கத் தோன்றவில்லை.

செடியைத் தினமும் தொட்டால் அது குட்டையாகவும் உறுதியாகவும் வளரும், செல் சுவர் தடிக்கும் என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரமாம். காற்றடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு செடி தன்னைக் கட்டிக்கொள்கிறது. இதைத் தம்பி மகள் அன்று சாயங்காலம் சொன்னாள். ஆனால் உடனே சொல்லவில்லை. நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவள் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தட்டில் தோசை ஆறிப் போயிற்று.

"மேடம் எல்லார்கிட்டயும் காமிச்சுட்டா," என்றாள் பிறகு.

"ம்."

"மார்ச்சுக்குள்ள இன்னொரு தடவை வளத்து அளந்துட முடியுமான்னு தெரியலை."

"ம்."

"நீ இன்னிக்கு நடக்கப் போயிட்டேன்னு வெச்சுக்கலாமா பெரியம்மா?"

திடீர் ஆய்வு நடந்த பிறகு நடக்காததாக வைத்துக்கொள்ள எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். கணவர்தான் தாங்கவில்லை. "நான் வேணும்னா அந்த மேடத்தைப் போய்ப் பாத்துப் பேசறேனே," என்றார். பார்த்துப் பேசுவது ஒன்றுதான் அவர் கையில் இருக்கும் ஆயுதம்.

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு, "பெரியப்பா, எவ்வளவு அமுத்தித் தடவினேள்?" என்று கேட்டாள்.

"ரொம்ப இல்லை. நெத்தியைத் தடவற மாதிரி."

"யாரோட நெத்தி?"

"அது வியாதியைப் பொறுத்து. ஜுரம்னா லேசா. ஆபரேஷன்னா இன்னும் லேசா."

அவள் எழுந்து போய்ச் சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தாள். "இதுல தடவிக் காட்டுங்கோ," என்றாள். தோசையை அப்போதுதான் சாப்பிடத் தொடங்கினாள்.

அவளுடைய யோசனை எளிமையானது. இனி இரண்டு தட்டு அல்ல, நான்கு. நானோவும் உண்டு தடவலும் உண்டு என்று ஒன்று, நானோ மட்டும், தடவல் மட்டும், இரண்டும் இல்லாமல் ஒன்று. மேடத்திடம் மறுநாளே போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் இந்தத் தடவை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். கடைசியில், "சரி, சீக்கிரம்," என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கணவரின் கையை ஒழுங்குக்குக் கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். இத்தனை வருடத் திருமண வாழ்க்கையில் கிடைக்காத வாய்ப்பு. காலையில் காபிக்கு முன் தராசின் மேல் ஈரத் துணியை விரித்து அவரைத் தடவச் சொல்வேன். முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முதல் வாரம் ஒரு நாள் எறும்பு ஊர்வது போலவும் மறுநாள் அடை தட்டுவது போலவும் இருந்தது. அளவுக் கருவிகளை நாங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் சரிபார்ப்போம். இவரைத் தினமும் சரிபார்க்க வேண்டியிருந்தது. "கை எப்படிப் போனா என்ன, மனசு அங்கே இருந்தா போறும்," என்று ஒரு நாள் தத்துவம் பேசினார். மனசுக்குத் தராசு இல்லை, கையைக் காட்டுங்கள் என்றேன்.

கை வழிக்கு வந்தது. வழிக்கு வராதது அவருடைய நியாயம்.

"ரெண்டு தட்டைத் தொடப்படாதுங்கறே. அதுல ஒண்ணு மருந்து வேறே குடிக்கறது. மருந்தும் குடிச்சுண்டு, கேக்க ஆளும் இல்லாம. அது என்ன பாவம் பண்ணித்து?"

"அதைத் தொட்டா சோதனை கெட்டுப் போயிடும் பெரியப்பா."

"தொடலை. கேக்கலாமோல்லியோ, எப்படி இருக்கேன்னு?"

தம்பி மகள் யோசித்தாள். பேச்சு என்பதும் காற்றில் ஓர் அதிர்வுதான். ஒரு தட்டோடு மட்டும் பேசினால் அதுவும் கணக்கில் சேரும். நான்கோடும் ஒரே அளவு பேசினால் பாதகமில்லை. செயல்முறையில் புதிய விதி எழுதினேன்: நலம் விசாரிப்பு எல்லாத் தட்டுகளுக்கும் சமம், ஒரே தூரம், ஒரே வாசகம். சிவப்பு டேப்பையும் எடுத்துவிட்டு, எதற்கு நானோ என்று அவருக்குப் புரியாதபடி குறியெண் போட்டோம். அவர் ஒவ்வொரு தட்டின் முன்னும் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "நேத்தைக்கு இன்னிக்குத் தேவலைதானே?" என்று அதே குரலில் நான்கு முறை கேட்டார். நீதிமன்றத்தில் சத்தியம் வாங்குகிற டவாலியின் குரல்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, சித்திரபுரத்திலிருந்து தகவல் வந்தது. அங்கே என்னோடு வேலை பார்த்த லைன்மேன் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். மகனுக்கும் வாரியத்திலேயே வேலை என்பதால் அதே பழைய குடியிருப்பில்தான் இருக்கிறார். எனக்கு வெறும் சக ஊழியர். என் கணவருக்கோ பிராண சிநேகிதர். கணவர் உடனே பையை எடுத்தார். தம்பி மகள் வாசல் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க போயிட்டா நாளைக்குக் காலைல யார் கை?"

"உன் பெரியம்மா கை இருக்கே."

"அது வேறே தோல், வேறே எடை, எல்லாம் வேறே. நடுவுல கை மாத்த முடியாது பெரியப்பா."

"ஆபரேஷன் பண்ணிண்டு படுத்திருக்கான்டி. போகலைன்னா நான் மனுஷனா?"

அவர் கண்ணில் நீர் முட்டியது. அவள் கண்ணிலும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். அப்படித்தான், நலம் விசாரிப்பதில் எந்த அனுபவமும் இல்லாத நான், ஒரு டஜன் ஆரஞ்சோடு மலையேறும் பேருந்தில் உட்கார்ந்தேன்.

லைன்மேன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலியா மேடம்? அவுக வராம இருக்க மாட்டாகளே."

"அவருக்கு வர முடியலை."

"ஐயோ, மேலுக்கு என்ன?"

"மேலுக்கு ஒண்ணும் இல்லை. நாத்து நன்னா இருக்கணும்னு தினம் தடவிண்டிருக்கார். ஒரு நாள்கூட விடப்படாது."

லைன்மேன் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நாத்தையா?"

"தக்காளி நாத்து. நாலு தட்டு. ரெண்டைத்தான் தடவணும், பேசறது நாலுகிட்டயும் பேசணும்."

"எப்பருந்து மேடம் இப்பிடி?" என்றார் அந்த அம்மாள், என் கையைப் பிடித்துக்கொண்டு.

"பென்சன் வாங்குன பொறவு சிலருக்கு இப்பிடி ஆவறதுதான்," என்றார் லைன்மேன். "நீங்க மனசத் தளர விட்ராதீக. மூணாறுல நல்ல டாக்டரு ஒருத்தர் இருக்காரு. நான் எந்திரிச்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்."

விளக்க முயன்றேன். விளக்க விளக்க அவர்கள் முகத்தில் இரக்கம் கூடியது. நலம் விசாரிக்கப் போன இடத்தில் என்னை நலம் விசாரித்து, ஆரஞ்சில் பாதியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். சாருக்குக் கொடுக்கச் சொன்னார்கள்.

பிப்ரவரியில் நாற்றுகள் ஊசிக்குப் போயின. இந்தத் தடவை நானும் கூடப் போனேன். அந்தக் கருவியை இயக்குபவர் எலப்புள்ளிக்காரர். கதவிலேயே என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க மேடம், செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க. உள்ள வந்துபோட்டு நடக்கப்படாதுங்க. உக்காந்த எடத்துலயே உக்காந்துக்கோணும். ஊசி ஆடிப்போச்சுன்னா பாப்பாவோட வேலை போச்சுங்க."

"இருமலாமா?"

"இருமறதுன்னா இப்பவே இருமிக்குங்க."

எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப் போயிற்று. இருமிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு ஜவுளித் துறைக்காரர்கள் கருவிக்குப் பதிவு செய்திருந்தார்கள். அதற்குள், அதுவும் செல்கள் வாடுவதற்குள், முடிக்க வேண்டும். அவள் தோலை உரித்துத் தண்ணீரில் மிதக்க விட்டுக் கொடுக்க, அவர் ஊசியை இறக்கினார். திரையில் ஒரு கோடு இறங்கும், ஏறும். உயிருள்ள ஒன்றைத் தொட்டுவிட்டு, உடைக்காமல் திரும்பி வருகிற சோதனையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முதல் அரைமணி நேரம் அது எனக்கு முடிவு பெறாத சோதனையாகவே தோன்றியது.

நான்கு தட்டுகளின் கணக்கும் சேர அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. விடை இதுதான்: செல் சுவரை விறைக்கச் செய்ததில் பெரும்பங்கு என் கணவருடைய உள்ளங்கைக்கு. நானோவுக்கும் பங்கு உண்டு, ஆனால் சின்னது. தண்ணீரைப் பிடுங்கிய பிறகுதான் அது கண்ணுக்குப் படுகிறது. இரண்டும் சேர்ந்த தட்டில்தான் வேடிக்கை. இரண்டின் கூட்டுத்தொகை வரவில்லை, குறைவாக வந்தது. மணல் ஏறிய சுவர் ஏற்கெனவே கொஞ்சம் விறைத்துவிட்டதால் தடவலுக்கு அவ்வளவாக மசியவில்லையோ என்னவோ என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில், முதல் வரைபடத்தன்று இல்லாத ஒரு பரபரப்பு இருந்தது. ஆனால் வரைபடம் பார்ப்பதற்குப் பரிதாபமாக இருந்தது. முதல் வரைபடத்தில் மலை போல நின்ற இடத்தில் இப்போது வரப்பு மாதிரி ஏதோ தெரிந்தது. யாரும் இதை மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

செமினாருக்கு எங்கள் இருவரையும் அழைத்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். கணவர் இஸ்திரி போட்ட வேட்டியில், சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார். அவள் முதல் வரைபடத்தையும் காட்டினாள், இரண்டாவதையும் காட்டினாள். வெளியிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல்ல இருக்கறது இவ்வளவு அழகா இருக்கே. இதை ஏம்மா நீயே கெடுத்துக்கிட்டே?"

"அது நானோ போட்ட கோடு இல்லை சார்," என்றாள். "எங்க பெரியப்பா போட்ட கோடு."

என்ன நடந்தது என்பதை முழுவதும் சொன்னாள். மருந்து என்று அவள் சொன்னதையும், அவர் தினமும் போய்ப் பார்த்ததையும், தராசையும், சமமான நலம் விசாரிப்பையும். அறையில் சிரிப்பு எழுந்தது. என் கணவர் பாதி எழுந்து எல்லோருக்கும் கும்பிட்டார். நான் அவர் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்தபடி இருந்தார். குழுவினர் எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். வராந்தாவில் தம்பி மகள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்ததில் விரல் சிவந்து போயிற்று. அவளை ஏதாவது கேட்க என் கணவர் வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கதவைத் திறந்துகொண்டு மேடம்தான் வந்தார். "ஒத்துக்கிட்டாங்க," என்றார். அத்தியாயம் அப்படியே நிற்கலாம். தலைப்பில் நானோவுக்கு அடுத்தபடியாகத் தொடுதலும் வர வேண்டும். இன்னொரு நிபந்தனை: அந்தத் தொடுதல் எப்படிப்பட்டது என்பதை, வேறு ஊரில் வேறு ஒருவர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரமாக எழுத வேண்டும். சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போகும்போது, என் கணவரின் வலது கையை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

விவரம் எழுத அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்தோம். தம்பி மகள் தட்டச்சு செய்ய, நான் சொன்னேன். மனித உள்ளங்கை, வலது, உலர்ந்தது. தினம் ஒரு முறை, காலையில். இத்தனை கிராம் முதல் இத்தனை கிராம் வரை அழுத்தம். ஆண். வயது எழுபத்திரண்டு.

"வயசு எதுக்கு?" என்றார் கணவர்.

"தோல் வயசுக்கேத்தாப்ல மாறும் பெரியப்பா."

"உலகம் பூரா படிக்கப் போறதுங்கறே. அறுபதுக்கு மேல்னு போடு. அதுவும் நெஜம்தானே?"

"விவரம் முழுசா இல்லைன்னா அது செயல்முறையே இல்லை," என்றேன்.

"நீ சும்மா இரு. கை என்னோடது."

அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். அழுத்தத்தின் அளவும் தடவலின் எண்ணிக்கையும் இருந்தால் வேறொருவர் செய்து பார்க்கப் போதும், வயது அவசியமில்லை என்று தீர்ப்புச் சொல்லி, அந்த வரியை அழித்துவிட்டாள். ஆய்வேடு காலக்கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. வயது அதில் இல்லை. என் ஆட்சேபத்தை எழுத்துமூலம் அவளிடம் கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள், பதில் இன்னும் வரவில்லை.